தை மாதத்து ஏரிக்கணக்கு

வேடந்தாங்கலுக்கு சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பறவைகள் வந்து முட்டையிட்டு, குஞ்சு பொரித்துத் திரும்புகின்றன என்று நம்மில் பலர் பள்ளிநாள் முதலே கேட்டு வளர்ந்திருக்கிறோம். சீசன் தொடங்கும்போது செய்திகளிலும் இது வரும். ஆனால் அங்கே கடப்ப மரங்களின் மேல் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் நம் துணைக்கண்டத்துப் பறவைகள். மழையையும் இரையையும் பார்த்து உள்நாட்டுக்குள்ளேயே இடம் மாறுபவை. இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் அதே மாதங்களில் அதே ஏரிகளுக்கு வருகின்றன என்பது உண்மை. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்தை இரை தேடிக் கழித்துவிட்டு, பங்குனி வாக்கில் கிளம்பிப் பிறந்த மண்ணுக்குப் போய்த்தான் குஞ்சு பொரிக்கின்றன.

இரண்டு கூட்டத்தையும் ஒரே தண்ணீரில் சேர்த்து வைப்பது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஏரிகள் நிரம்பி, மீனும் நத்தையும் தவளையும் பெருகும்போது நாரைகளுக்குக் குஞ்சு வளர்க்கத் தோதான காலம் பிறக்கிறது. வடக்கே நீர்நிலைகள் உறைந்துபோக, அங்கிருந்து கிளம்பியவையும் அதற்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன. தை பிறக்கும்போது வலசை அநேகமாக ஓய்ந்திருக்கும். வரவேண்டியவை வந்துவிட்டன, போகவேண்டியவை இன்னும் கிளம்பவில்லை. நெடுந்தூரம் பறக்கும் பறவைகள் ஓரளவு நிலைகொண்டிருப்பது இந்தச் சில வாரங்களில்தான். ஒரே கூட்டத்தை வடக்கே ஒரு முறையும் தெற்கே ஒரு முறையும் எண்ணிவிடும் ஆபத்து இப்போது குறைவு. நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கை எடுப்பவர்களில் பெரும்பாலோர் இதற்குச் சம்பளம் வாங்குபவர்கள் அல்லர். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் கரையில் நின்று எழுதும் எண்கள் எப்படிச் சான்றாகின்றன, எங்கே சான்றாகாமல் போகின்றன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்க விரும்புகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரிய பறவையைக் கண்டுபிடிப்பது மகிழ்ச்சிதான். ஆனால் இந்த வேலையின் மதிப்பு, ஒரே ஏரிக்கு ஒரே முறையில் ஆண்டு தவறாமல் போய், இருப்பதை இருந்தபடி எழுதிவருவதில் இருக்கிறது. தனியாள் ஒருவர் அதை இருபது ஆண்டு செய்வது கடினம். அதற்கு ஒரு சங்கம் வேண்டும்.

தன்னார்வலர் கணக்கெடுப்பின் தொடக்கம் என்று எல்லோரும் காட்டுவது 1900 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து, எதிர்ப்பட்ட பறவை, விலங்குகளையெல்லாம் சுட்டு, எந்த அணி அதிகம் குவித்தது என்று பார்க்கும் வழக்கம் அப்போது அமெரிக்காவில் இருந்தது. பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன், தாம் நடத்திய ‘பேர்டு-லோர்’ இதழில், இந்த ஆண்டு சுடாமல் எண்ணிப் பாருங்கள் என்று வாசகர்களை அழைத்தார். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். ஏறத்தாழ 90 இனங்கள் பதிவாயின. அந்தக் கணக்கு இன்றும் நடக்கிறது. அந்த அழைப்பில் என்னைக் கவர்வது வேறொரு விஷயம். பறவைகளின் பெயரும் எண்ணும் மட்டும் அனுப்பினால் போதாது. கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், வானிலை, காற்றின் திசை எல்லாவற்றையும் எழுதுங்கள் என்று சாப்மன் அன்றே கேட்டிருந்தார். பத்து மணி நேரம் தேடி நூறு கொக்கு பார்ப்பதும் அரை மணியில் நூறு கொக்கு பார்ப்பதும் ஒன்றல்ல என்பது முதல் நாளிலேயே அவருக்குப் புரிந்திருக்கிறது.

நீர்ப்பறவைகளுக்கான பன்னாட்டுக் கணக்கெடுப்பு 1967இல் ஐரோப்பாவை மையமாகக் கொண்டு தொடங்கியது. அதன் கிளையாக ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் இந்தியத் துணைக்கண்டத்தில் ஆரம்பமானது. ஜனவரி நடுவில் சுமார் இரண்டு வாரம் நடக்கும் இதை இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் போன்ற அமைப்புகள் ஒருங்கிணைத்து வந்திருக்கின்றன. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறையை ஒட்டித் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஏரிக்குத்தான் போகவேண்டும் என்று அதில் கட்டாயமில்லை. ஊருக்குப் பொங்கலுக்குப் போனவர் வீட்டுக் கொல்லையிலோ வயல் வரப்பிலோ பதினைந்து நிமிடம் நின்று பட்டியல் எழுதி அனுப்பலாம். நகரத்தில் வேலை பார்ப்பவர்கள் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பும் நாட்களைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை. வழக்கமாகப் பறவை பார்ப்பவர்கள் எட்டிப்பார்க்காத ஊர்களிலிருந்து பட்டியல் வர அது வழிசெய்கிறது. அண்மை ஆண்டுகளில் மாநில வனத்துறையும் சங்கங்களையும் கல்லூரிகளையும் சேர்த்துக்கொண்டு, ஒரே நாட்களில் மாநிலம் முழுவதும் நீர்ப்பறவைகளை எண்ணி, பிறகு நிலப்பறவைகளுக்குத் தனிச் சுற்று நடத்துகிறது.

ஜனவரி காலை ஆறரை மணிக்கு ஒரு குளத்தங்கரையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சூரியன் முதுகுப் பக்கம் வரும்படி முதலில் இடம் பார்ப்பார்கள். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கருப்பாகத்தான் தெரியும். நான்கு பேர் குழு என்றால் ஒருவர் ஸ்டாண்டில் நிறுத்திய ஸ்கோப்பில் கண் வைப்பார். இன்னொருவர் பைனாகுலரில் ஓரங்களையும் நாணல் புதர்களையும் பார்ப்பார். மூன்றாமவர் நோட்டில் எழுதுவார். நான்காமவர் கலுங்குப் பக்கம் நடந்துபோய், கரையிலிருந்து தெரியாத மூலையைப் பார்த்துவிட்டு வருவார். ஸ்கோப்பில் இருப்பவர் கண்ணை எடுக்கவே மாட்டார். “ஊசிவால் பத்து... இன்னொரு பத்து... ஆண்டி வாத்து மூணு... கிளுவை, கிளுவை இருபது போட்டுக்கோ... நடுவுல ஒரு முக்குளிப்பான்.” எழுதுபவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொண்டே எழுதுவார்.

கூட்டம் பெரிதானால் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. அப்போது ஐம்பதையோ நூறையோ கவனமாக எண்ணி, அந்த அளவு கூட்டம் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் பதித்துக்கொண்டு, மீதிக் கூட்டத்தில் அதுபோல் எத்தனை பங்கு இருக்கிறது என்று நகர்த்திக்கொண்டே போவார்கள். களத்தில் நெல்லை மரக்கால் மரக்காலாக அளப்பதைப் போலத்தான். பழகாத கண் பெருங்கூட்டத்தைக் குறைத்தே மதிப்பிடும். அதனால் புதியவரையும் பழையவரையும் தனித்தனியாக எண்ணச் சொல்லி, பிறகு இருவர் எண்ணையும் ஒப்பிடும் வழக்கம் நல்ல குழுக்களில் உண்டு. பாதி எண்ணியிருக்கும்போது மேற்கிலிருந்து ஒரு சேற்றுப் பூனைப்பருந்து நாணலை உரசிக்கொண்டு தாழப் பறந்து வரும். குளத்தில் இருந்த வாத்தெல்லாம் ஒரே சமயத்தில் எழும்பி, இரண்டு வட்டம் சுற்றி, வேறு வரிசையில் இறங்கும். எழுதியதை அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். குளிரில் நின்றவருக்கு இது சலிப்பு. ஆனால் அடித்துவிட்டு மறுபடி எண்ணும் குழுவின் எண்ணைத்தான் நம்பலாம்.

அந்த நேரத்தில் ஆடு பற்றிக்கொண்டு வருபவர் யாராவது நின்று கேட்பார். நெல்லைப் பக்கம் என்றால், “என்ன சார், கொளத்த அளக்க வந்திருக்கியளா?” பறவை எண்ண வந்தோம் என்றதும் சொல்வார்: “நாலு நாளைக்கி முன்னால மடையத் தொறந்தாச்சு. அந்தக் கூட்டமெல்லாம் தெக்க பெரிய கொளத்துக்குப் போயிட்டு.” இந்த ஒரு வாக்கியத்தில் ஒரு படிவம் நிறையும் தகவல் இருக்கிறது. தண்ணீர் எப்போது இறங்கியது, பறவை எந்தப் பக்கம் போனது, அடுத்து எங்கே எண்ணவேண்டும் எல்லாம் கிடைத்துவிட்டன. கணக்கெடுப்புப் படிவத்தில் நீர்மட்டம், ஆக்கிரமிப்பு, மீன்பிடிப்பு, வேட்டை, வெளிக்குப்பை என்று பறவையல்லாத கேள்விகளும் இருப்பது வீணுக்கல்ல.

இனி எண்கள் சான்றாகும் இடத்துக்கு வருவோம். ஒரு பட்டியலில் இருக்கவேண்டியது அன்று அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளும். காகமும் மைனாவும் உட்பட. ‘பார்த்ததில் விசேஷமானவை’ என்று ஐந்து பெயர் மட்டும் எழுதிய பட்டியலை ஆய்வாளர் பெரிதாகப் பயன்படுத்த முடியாது. காகம் எழுதப்படாததற்குக் காரணம் காகம் இல்லாததா, எழுதியவருக்கு அது பொருட்டாகப் படாததா என்று பிறகு யாராலும் சொல்ல இயலாது. முழுப்பட்டியல் என்றால் அதில் இல்லாத பெயரும் ஒரு தகவலாகிவிடுகிறது. ஒரு மாவட்டத்தில் எழுதப்பட்ட முழுப்பட்டியல்களில் எத்தனை சதவீதத்தில் பனங்காடை இருக்கிறது என்று ஆண்டுதோறும் பார்த்தால், அந்தச் சதவீதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். தனித்தனிப் பட்டியல்களில் பிழை இருக்கலாம். ஆயிரக்கணக்கில் சேரும்போது போக்கு துலங்கும். எவ்வளவு நேரம் பார்த்தோம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதும் பட்டியலில் இருந்தால், முயற்சியின் அளவைக் கழித்துவிட்டுப் பறவையின் அளவைப் பார்க்கலாம். சாப்மன் கேட்டதும் இதையே.

‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற தேசிய அறிக்கை இப்படித்தான் உருவானது. 2023இல் வெளியான அதன் பதிப்பு, 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவுசெய்த சுமார் 3 கோடிப் பதிவுகளிலிருந்து 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைச் சொல்ல முடிந்த இனங்கள் 338. அவற்றில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. செய்திகளில் அடிபட்டது அந்த 60 சதவீதம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 942க்கும் 338க்கும் இடையிலுள்ள தூரம். அறுநூறு இனங்களின் நெடுநாள் போக்கைக் கணிக்கப் போதுமான தரவு இல்லை. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு முன் முறையாகப் பட்டியல் எழுதியவர்கள் குறைவு. எழுதியவர்களின் நோட்டுகளும் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. பழைய நோட்டுகளை எடுத்துத் தேதியும் இடமும் சரிபார்த்துக் கணினியில் ஏற்றும் வேலையைச் சில சங்கங்களும் ஆர்வலர்களும் செய்துவருகிறார்கள். புது ஸ்கோப் வாங்குவதைவிட அவசரமான வேலை இது. நோட்டு எழுதியவர் இருக்கும்போதே, அவர் சுருக்கி எழுதியதற்கு விளக்கம் கேட்க முடியும்போதே, செய்துவிட வேண்டும்.

சாதாரணப் பறவைகளை எழுதியதால் என்ன கிடைத்தது என்பதற்குச் சிட்டுக்குருவி நல்ல எடுத்துக்காட்டு. செல்போன் கோபுரங்களால் குருவிகள் அழிந்துவிட்டன என்ற எண்ணம் தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியது. 2018இல் ‘2.0’ படமும் அதைத் திரைக்குக் கொண்டுபோனது. அதே தேசிய அறிக்கையின் 2020 பதிப்பு நாடெங்கும் பட்டியல்களைத் தொகுத்துப் பார்த்தபோது, பெருநகரங்களில் குருவி குறைந்திருந்தாலும் நாடளவில் 25 ஆண்டுகளுக்கும் மேலாக அதன் நிலை ஓரளவு சீராகவே இருந்தது தெரியவந்தது. கோபுரக் கதிர்வீச்சுக்கும் குருவிக்கும் தொடர்பு இருப்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. குருவிக்காகக் கவலைப்பட்டவர்களின் அன்பு பொய்யல்ல. அந்தக் கவலையின் பங்கு பனங்காடைக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும், எல்லோருக்கும் தெரிந்த அந்த நீலச் சிறகுப் பறவை 30 சதவீதமோ அதற்கும் மேலோ குறைந்திருக்கிறது. அதை அழிவின் விளிம்பை நோக்கிப் போகும் பறவைகளோடு சேர்த்து மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று 2023 அறிக்கை பரிந்துரைத்தது. ஆண்டி வாத்தும் கிளுவையும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நம் ஏரிகளுக்குக் குளிர்காலம் தவறாமல் வருபவை என்று எண்ணிக்கொண்டிருக்கும் வாத்துகள் இவை.

ஆனால் ஒரு குளத்தின் ஓராண்டு எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. தமிழ்நாட்டில் இது மிகவும் பொருந்தும். 2015 இறுதியில் பெய்த பெருமழை எல்லோருக்கும் நினைவிருக்கும். அடுத்த ஆண்டே, 2016இல், வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவில் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்துபோனது. ஆகவே 2016 தை மாதத்தில் ததும்பிக்கொண்டிருந்த ஏரிகள் பல, 2017 தை மாதத்தில் வெடித்துக் கிடந்தன. இரண்டு ஜனவரிகளின் எண்களை அருகருகே வைத்து ‘பறவைகள் அழிந்தன’ என்று எழுதினால் அது பிழை. அதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ஏரி நிரம்பி வழியும் ஆண்டில் உள்ளான்களுக்கு நிற்க இடம் இருக்காது. விரற்கடை ஆழத் தண்ணீரும் சேறும் அவற்றுக்கு வேண்டும். வாத்துகளும் எல்லாக் குளத்திலும் தண்ணீர் இருப்பதால் சிதறிப் போயிருக்கும். வறட்சி ஆண்டிலோ, தண்ணீர் தங்கிய ஒன்றிரண்டு குளங்களில் எல்லாம் வந்து குவியும். அந்தக் குளத்தை மட்டும் எண்ணியவர், இந்த ஆண்டு பறவை வரத்து அமோகம் என்பார்.

இதற்கு விடை, ஒரு குளத்தை எண்ணாமல் ஓர் ஆற்றுப் படுகையை எண்ணுவது. தாமிரபரணிப் பகுதியில் 2011 முதல் அதைச் செய்கிறார்கள். அசோகா அறக்கட்டளையின் அகத்தியமலைப் பாதுகாப்பு மையம் ஒருங்கிணைக்க, நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்து இயற்கைச் சங்கங்களும் கல்லூரி மாணவர்களும் குழு குழுவாகப் பிரிந்து, ஒரே வார இறுதியில் பாசனக் குளங்களை எண்ணுகிறார்கள். கூந்தன்குளம் போன்ற பேர்பெற்ற சரணாலயம் அதில் ஒன்று. மற்றவை பெரும்பாலும் சரணாலயம் என்ற பெயரில்லாத ஊர்க்குளங்கள். மூன்று போகத்துக்குத் தண்ணீர் தந்த குளங்களும் பட்டணத்துச் சாக்கடை வந்து கலக்கும் குளங்களும் அதில் உண்டு. ஒரு குளத்தில் பறவை குறைந்தால், அது பக்கத்துக் குளத்தில் கூடியிருக்கிறதா, படுகை முழுவதிலும் குறைந்திருக்கிறதா என்று இப்படி எண்ணினால்தான் தெரியும். தமிழ்நாட்டுக் கணக்கெடுப்புகளில் என் மதிப்பில் முதலிடம் இதற்குத்தான். மற்ற ஆற்றுப் படுகைகளிலும் இதுபோல ஒன்று வேண்டும்.

இந்த எண்களுக்குச் சட்ட மேடையிலும் பயன் உண்டு. 1971 பிப்ரவரி 2ஆம் தேதி ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கை, ஓர் ஈரநிலம் பன்னாட்டு முக்கியத்துவம் உடையதா என்று தீர்மானிக்கப் பல அளவுகோல்களை வைத்திருக்கிறது. வழக்கமாக 20,000 அல்லது அதற்கு மேல் நீர்ப்பறவைகள் தங்குவது ஒன்று. ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் 1 சதவீதம் அங்கே இருப்பது இன்னொன்று. இரண்டையும் நிறுவ எண்கள் வேண்டும். ‘வழக்கமாக’ என்பதை நிறுவப் பல ஆண்டு எண்கள் வேண்டும். தமிழ்நாட்டில் 2002இல் அறிவிக்கப்பட்ட கோடியக்கரை மட்டுமே இருபது ஆண்டுகள் ராம்சார் தலமாக இருந்தது. 2022இல் ஒரே ஆண்டில் பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், கூந்தன்குளம், வடுவூர், சுசீந்திரம் தேரூர் உட்பட 13 இடங்கள் சேர்ந்தன. 2025 தொடக்கத்தில் இராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களோடு எண்ணிக்கை 20 ஆனது.

எண்ணின் இன்னொரு பயன், எல்லை எங்கே போடுவது என்பதில் இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் ஊர்க்காரர்கள் வேட்டைக்கு எதிராக உறுதி வாங்கிய வரலாறு பலருக்குத் தெரியும். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் அந்த 30 ஹெக்டேர் பறவைகளின் படுக்கையறை மட்டுமே. இரை எடுப்பது சுற்றுவட்டார ஏரிகளிலும் நெல்வயல்களிலும். 1998 அறிவிக்கை ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டரைச் சரணாலயமாக்கியதற்கு இதுவே நியாயம். 2020இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. அப்படிப்பட்ட வேளையில், கூட்டில் எத்தனை பறவை என்ற எண்ணோடு, சுற்றியுள்ள எந்த ஏரியில், எந்த வயலில், எத்தனை பறவை இரை எடுக்கிறது என்ற எண்ணும் கையில் இருப்பவரின் வாதத்துக்குத்தான் பலம்.

பறவைக்கு மாவட்ட எல்லையும் இல்லை, பாக் நீரிணையும் தடையில்லை. கோடியக்கரையில் சேறளையும் உள்ளான்களுக்கு மன்னாரும் யாழ்ப்பாணக் கடல்நீரேரிகளும் அடுத்த வயல்வெளி. மன்னாரின் வங்காலை 2010 முதல் ராம்சார் தலம். இலங்கையில் 1943இல் தொடங்கிய பறவைக் கழகம் நெடுங்காலமாக நீர்ப்பறவைகளை எண்ணிவருகிறது. இரு கரை எண்களையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தால்தான் ஒரு கரையில் குறைந்தது மறுகரைக்கு நகர்ந்ததா, நிஜமாகவே குறைந்ததா என்று பிரித்தறியலாம். கோடியக்கரைக்கு ஒரு காலத்தில் பெருங்கூட்டமாக வந்த, அலகு கீழ்நோக்கி வளைந்த உள்ளான் ஒன்று உண்டு. சைபீரியாவின் வடகோடித் தூந்திர வெளியில் குஞ்சு பொரிப்பது. 2024 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிய வாய்ப்புள்ள இனம் என்ற நிலைக்கு மாற்றியது. கைப்பிடிக்குள் அடங்கும் அந்தப் பறவை உலகளவில் குறைகிறது என்று சொல்ல, பல நாட்டுக் கரைகளில் பல பத்தாண்டுகள் நின்று எண்ணியவர்கள் தேவைப்பட்டார்கள்.

இந்த நெடுந்தொடர்ச்சியைத் தருபவை சங்கங்கள். செயலிகள் வந்த பிறகு சங்கம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. செயலி பட்டியலை வாங்கிக்கொள்ளும்; கொசு உள்ளானையும் அதைப் போன்ற இன்னொரு குட்டி உள்ளானையும் காலின் நிறத்தை வைத்துப் பிரிப்பது எப்படி என்று சேற்றில் பக்கத்தில் நின்று காட்டாது. 1978இல் தொடங்கிய சென்னை இயற்கையாளர் சங்கம் போன்றவை ஞாயிற்றுக்கிழமைக் காலை நடைகளாலும் சொந்த இதழாலும் செய்துவந்தது அதைத்தான். புதிதாக வரும் மாணவர் முதல் ஆண்டு எழுதுகிறார். அடுத்த ஆண்டு ஓரங்களைப் பார்க்கிறார். சில ஆண்டுகளில் ஸ்கோப்புக்கு வந்துவிடுகிறார். மூத்தவருக்குக் கண் மங்கும்போது அந்தக் குளம் அவர் கைக்கு வருகிறது. எந்த மேட்டில் நின்றால் முழுக் குளமும் தெரியும், எந்தப் புளியமரத்துக்குப் பின்னால் தாழைக்கோழிகள் ஒதுங்கும் என்பதெல்லாம் வாய்வழியாகத்தான் கைமாறுகின்றன. வேறு இடத்தில் நின்று எண்ணினால் எண்ணும் மாறிவிடும் என்பதால், இது உபரித் தகவல் அல்ல, முறையின் ஒரு பகுதி.

குறைகளையும் சொல்லவேண்டும். பட்டியல்கள் சென்னையையும் கோவையையும் சுற்றிக் குவிகின்றன. சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ள மாநிலத்தில் எண்ணப்படுபவை மிகச் சிறு பங்கு. வேறெங்கும் இல்லாத அளவுக்குக் கண்மாய்கள் நெருங்கிக் கிடக்கும் சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் எண்ணுவதற்கு ஆள் போதவில்லை. கேமரா பெருகிய பிறகு ஆர்வலர் கூட்டமும் பெருகியது. அதில் ஒரு பகுதி, அரிய பறவை வந்ததாகத் தகவல் கிடைத்த ஒரே இடத்துக்குத்தான் ஓடுகிறது. அந்த உற்சாகத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒரு வரித்தலை வாத்தின் கழுத்துப்பட்டையைப் படமெடுத்து எழுத்துகளைப் படித்ததால்தான், மங்கோலியாவில் பட்டை மாட்டப்பட்ட பறவைகள் தென்னிந்திய ஏரிகள் வரை வருவது உறுதியானது. ஆனாலும் நூறு பேர் ஒரே ஏரியில் நிற்கும் நாளில், யாரும் நிற்காத தொண்ணூறு ஏரிகள் இருக்கின்றன. ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்குச் சரணாலயம் அல்லாத ஐந்து குளங்களைப் பிரித்துக் கொடுத்து, இவை உங்கள் பொறுப்பு, பறவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தை மாதம் போய் எழுதுங்கள் என்று சொல்லுமானால், பத்தாண்டில் அந்த வட்டாரத்துக்கு வேறெவரிடமும் இல்லாத ஆவணம் சேர்ந்துவிடும்.

அதற்கு உடனடியான தேவையும் இருக்கிறது. குடிமராமத்து என்றும் தூர்வாரல் என்றும் குளங்களில் இப்போது நிறைய வேலை நடக்கிறது. தண்ணீர் தேங்கவேண்டும் என்ற நோக்கம் சரியானது. அதை எதிர்க்க எந்தப் பறவை ஆர்வலருக்கும் நியாயமில்லை. ஆனால் ஓரம் நடு பாராமல் ஒரே ஆழத்துக்குத் தோண்டி, கரையைச் செங்குத்தாக வெட்டி, சுற்றி நடைபாதை போட்டுவிட்டால் உள்ளானுக்குச் சேறும் இல்லை, கிளுவைக்கு முழங்கால் தண்ணீரும் இல்லை, தாழைக்கோழிக்குப் புதரும் இல்லை. குளம் நிறைந்திருக்கும், நீர்க்காகமும் முக்குளிப்பானும் மட்டும் மிஞ்சும். நடுவில் ஆழப்படுத்தி, நீர்வரத்துப் பக்கத்து ஓரத்தைச் சரிவாக விட்டுவைத்தால் பாசனத்துக்கும் பழுதில்லை. எந்த ஓரம் என்பதைப் பொறியாளரின் வரைபடம் சொல்லாது. அந்தக் குளத்தைத் தொடர்ந்து எண்ணிவருபவர்களுக்கு அது தெரியும். படிவத்தில் கையால் வரைந்த ஒரு சிறு படம் இருந்தாலே போதும். பொக்லைன் பெரும்பாலும் இறங்குவது சித்திரை, வைகாசியில், குளம் வற்றிக் கிடக்கும்போது. தை மாதத்துக் கணக்கு கைக்கு வந்த பிறகு, எண்ணியவர்களைக் கரைக்கு அழைத்துக் கேட்பதற்கு மூன்று மாதம் இருக்கிறது.